இணையவழி மேற்பட்டப் படிப்பில் இருவகைத் தலைமை

மக்கள் கூடிச் செயலாற்றும் எவ்விடத்திலும் இருவகைத் தலைமை காணப்படும். ஒன்று, விதியினாலோ தேர்தலினாலோ உத்தரவினாலோ ஒருவருக்கு அளிக்கப்படுவது. மற்றொன்று, எவராலும் அளிக்கப்படாமல், உடன் உழைப்போரின் நம்பிக்கையினால் ஒருவரிடம் தானே வந்து சேர்வது. முன்னதை நியமனத் தலைமை என்றும், பின்னதை இயல்புத் தலைமை என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். சங்கத் தலைவரின் கையொப்பமின்றிக் காசோலை செல்லாது. ஆயினும் நூல் விலை ஏறிய வாரத்தில் அங்கத்தினர் பலரும் யாருடைய திண்ணைக்குச் சென்று யோசனை கேட்கின்றனரோ, அவர் தலைவராகவே இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. இதனை நம் அங்கத்தினர் அனுபவத்தில் அறிவர்.

ஒருவர் முகத்தை ஒருவர் காணாத ஒரு வகுப்பில் இவ்விரு தலைமைகளும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை அறிவது இன்று பயனுடையதாகும். பகலில் வேலை பார்த்து, இரவில் இணையத்தின் வழியாக மேற்பட்டப் படிப்புப் படிப்போர் இன்று பலர். அங்கே வகுப்பறை இல்லை, மணியடிப்பதில்லை. ஆசிரியர் பாடத்தையும் வினாவையும் கணினியில் இடுவார். மாணவர்கள் தத்தம் ஊரிலிருந்து, தத்தமக்கு ஒழிந்த வேளையில், எழுத்து மூலம் விவாதிப்பர். நாலைந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே கட்டுரையை ஆக்கித் தர வேண்டியும் வரும். அவ்வாறு படிப்போரில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டால், அவருடைய காலி இருக்கை எவர் கண்ணிலும் படாது. படிப்பு பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இப்படித்தான். ஆதலின், அவரைக் கவனித்து அழைப்பவர் யார் என்பது சிறிய வினா அன்று.

முதலில் நியமனத் தலைமையை நோக்குவோம். பாடத்திட்டம் வகுத்தல், தவணை குறித்தல், பிழை திருத்தல், மதிப்பெண் வழங்கல் ஆகியவை ஆசிரியரின் அதிகாரத்திற்கு உட்பட்டவை. இவை இன்றி வகுப்பு நடவாது. ஆனால் இவை மட்டும் போதுமா? அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் லா ஹோயா என்னும் ஊரிலிருந்த மேற்கத்திய நடத்தை அறிவியல் நிறுவனம், 1982ஆம் ஆண்டில் தொழில் நிர்வாகிகளுக்கெனக் கணினி வழி வகுப்பொன்றைத் தொடங்கியது. அவ்வகையில் அது முன்னோடிகளுள் ஒன்று. கற்பித்தவர்கள் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். கற்றவர்களும் உயர்பதவி வகித்தவர்கள். ஆயினும் தொடக்கத்தில் தடுமாற்றமே மிகுந்தது. சில பேராசிரியர்கள் நீண்ட விரிவுரைகளை எழுதி இட்டனர். சிலர் வினாக்களை மட்டும் இட்டுவிட்டு விடைகளுக்காகக் காத்திருந்தனர். மாணவர்களோ என்ன எழுதுவதென்று அறியாது மௌனம் காத்தனர். அதிகாரம் இருந்தது, உரையாடல் எழவில்லை.

அம்முயற்சியில் தொடக்க முதல் பங்குகொண்ட தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஃபீன்பெர்க், 1989இல் வெளிவந்த தம் கட்டுரையொன்றில் இதற்குரிய பரிகாரத்தை விளக்கினார். சிதறிக் கிடக்கும் பலருடைய குறிப்புகளையும் ஒருவர் எடுத்து, எது எதனோடு இணைகிறது, எங்கே கருத்து மாறுபடுகிறது, இனி எதைப் பேசவேண்டும் என்று தொகுத்து எழுத வேண்டும் என்றார். இத்தகைய குறிப்புக்கு அவர் இட்ட பெயர் 'நெசவுக் குறிப்பு' என்பதாம். நம் தொழிலின் பெயர் அங்கே சென்று சேர்ந்தது தற்செயலே எனினும் பொருத்தமானது. பாடத்திட்டமும் தவணையும் தறியில் ஏற்றிய பாவு போன்றவை. உரையாடல் ஊடை போன்றது. ஊடையின்றிப் பாவு மட்டும் துணியாகாது.

இந்நெசவை ஆசிரியர் ஒருவரே செய்ய வேண்டுமா? இதற்கு விடையாகக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக அறிஞர்களான காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரின் ஆய்வு அமைந்தது. 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், எழுத்து வழி வகுப்புக்கு மூன்று இன்றியமையாதவை என அவர்கள் வகுத்தனர். கருத்தை ஆராய்ந்து தெளிதல் ஒன்று; ஒருவரையொருவர் மனிதராக உணர்தல் இரண்டு; கற்பித்தல் அங்கே நிகழ்தல் மூன்று. மூன்றாவதற்கு அவர்கள் தேர்ந்த சொல் கருதத்தக்கது. 'ஆசிரியர் இருத்தல்' என்னாது 'கற்பித்தல் இருத்தல்' என்றே குறித்தனர். கற்பித்தற் பணி முதன்மையாக ஆசிரியரின் பொறுப்பே. எனினும் வகுப்பிலுள்ள எவரும் அதில் ஒரு பகுதியைச் செய்யக் கூடும் என்பது அவர்கள் முடிவு.

அவ்வாறு தாமே முன்வருவோர் எத்தகையவர்? மிகுதியாகக் கற்றவரே தலைவராவார் என்று நாம் எண்ணுவோம். ஆனால் யூ, அலவி என்னும் இரு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு வேறு வகையாகக் கூறுகிறது. அமெரிக்க மைய அரசுத் துறையொன்றின் மூத்த அலுவலர்கள், பயிற்சியின் பொருட்டு ஏழு குழுக்களாகப் பிரிந்து, தொலைவிலிருந்தே வேலை செய்தனர். குழுவினர் எவரைத் தலைவராக மதித்தனரோ, அவருடைய மின்னஞ்சல்கள் எண்ணிக்கையிலும் நீளத்திலும் மிகுந்திருந்தன. புலமையைக் காட்டும் செய்திகளில் அவருக்கும் ஏனையோருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. வேலையைத் தொடங்கி வைத்தல், எவர் எதை எந்நாளில் முடிப்பது என ஒழுங்குபடுத்தல், பலர் எழுதியதை ஒன்றாக இணைத்தல் ஆகிய மூன்றையும் அவர் செய்தார், அதனால் தலைவரானார். இது எளியோருக்கு ஊக்கம் தரும் செய்தி. ஆங்கிலப் புலமை குறைந்த மாணவரும், ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக இணைக்க வல்லவராயின், வகுப்பிற்குத் தலைமை தாங்கலாம்.

ஆனால் இதே ஆய்வில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. மிகுதியாக எழுதுவோரைத் தலைவரென மதிக்கும் இயல்பு மக்களிடம் உண்டாயின், பயனின்றி மிகுதியாக எழுதுவோரும் தலைவராகிவிடலாம். மேலும், தேர்ந்தெடுத்த தலைவரை விதிப்படி வினவலாம். தவணை முடிந்தால் மாற்றலாம். இயல்புத் தலைவருக்கு அத்தகைய தவணையும் இல்லை, கணக்கும் இல்லை. இரவு பத்து மணிக்கு ஓய்வாக இருப்பவர் முடிவு செய்துவிட, அவ்வேளையில் வேலையிலிருந்தவர் காலையில் கண்விழித்து அம்முடிவை ஏற்க வேண்டியதாகும். இதற்கு மாறான அநீதியும் உண்டு. குழுவின் பாரத்தையெல்லாம் ஒருவர் சுமக்க, மதிப்பெண் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படும்.

இங்கே வகுப்பின் அமைப்பும் கருதத்தக்கது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் லெவிட் நடத்தி 1951இல் வெளியிட்ட சோதனையில், ஐவர் தடுப்புகளுக்குப் பின் அமர்ந்து, எழுத்துச் சீட்டு மூலமாகவே ஒரு சிறு புதிரை விடுவித்தனர். நால்வரும் நடுவிலுள்ள ஒருவருக்கே எழுத முடிந்த அமைப்பில், வேலை ஒழுங்காக முடிந்தது. நடுவிலிருந்தவரே தலைவரெனக் கருதப்பட்டார். ஒவ்வொருவரும் இரு பக்கத்தாருக்கும் எழுதும் வட்ட அமைப்பில் பிழைகள் மிகுந்தன; ஆனால் வேலையில் மனநிறைவு அவர்களுக்கே அதிகம். இதன் படிப்பினை தெளிவானது. எல்லா வினாக்களும் ஆசிரியருக்கே செல்லுமாறு அமைத்தால், மாணவரிடையே தலைமை முளைக்க இடமிராது. வட்டமாகவே விட்டுவிட்டால் பிழை திருத்துவாரிரார். இரண்டும் வேண்டும்.

வகுப்புப் பெருகும்போது இத்தேவை இன்னும் கூடுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் 2014 ஜனவரியில், 7,000 டாலருக்கும் குறைந்த கட்டணத்தில், கணினி அறிவியலில் இணையவழி மேற்பட்டப் படிப்பைத் தொடங்கியது. அங்குப் பேராசிரியர் அசோக் கோயல் நடத்திய ஒரு பாடத்தில் ஏறத்தாழ 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 10,000 செய்திகள் எழுதினர். 2016இல் அவர் 'ஜில் வாட்சன்' எனப் பெயரிட்ட கணினி நிரலையே உதவியாசிரியர்களுள் ஒருவராக அமர்த்தி, அடிக்கடி வரும் வழக்கமான வினாக்களுக்கு விடை கூறச் செய்தார். தவணை எந்நாள் என்று கூற இயந்திரம் போதும். மனம் தளர்ந்த மாணவரை, "நானும் அவ்விடத்தில் தடுமாறினேன், இவ்வாறு செய்து பாருங்கள்" என்று தேற்ற உடன் படிப்பவரே வேண்டும். அக்கழகத்தில் பட்டம் பெற்ற பலர் பின்னர் அங்கேயே உதவியாசிரியராகப் பணியாற்றுகின்றனர். உடன் படிப்போருக்கு உதவும் பழக்கம், இவ்வாறு முறையான பொறுப்பாக வளரவும் வழி உண்டு.

ஆதலின் ஆசிரியர் செய்யத்தக்கவை நான்கு. குழுவில் தொடங்குதல், ஒழுங்குபடுத்தல், இணைத்தல் ஆகிய பணிகளை வாரந்தோறும் முறை வைத்து மாற்றுதல் முதலாவது. ஒரு முடிவுக்கு முன் எல்லோரும் கருத்துரைக்க ஒரு நாளேனும் அவகாசம் வேண்டுமென விதித்தல் இரண்டாவது. எவர் என்ன செய்தார் என்பதை எழுத்தில் பெற்று, அதற்கேற்ப மதிப்பெண் அளித்தல் மூன்றாவது. ஒருவர் ஏனையோரை அடக்கும்போதும், ஒருவர் மௌனமாகும்போதும் தாமே தலையிடுதல் நான்காவது. முதல் மூன்றும் இயல்புத் தலைமைக்கு இடம் தருவன. நான்காவது அதன் எல்லையைக் காப்பது.

மாணவர் செய்யத்தக்கதும் உண்டு. நியமனத்திற்காகக் காத்திராமல், முதல் வாரத்திலேயே ஒரு குறிப்பையேனும் இணைத்து எழுதுக. ஒரு வாரம் எழுதாதிருக்கும் தோழருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்குக. தாம் எடுத்த முடிவைப் பிறர் மறுக்க இடம் வைக்குக.

கூட்டுறவு இயக்கத்தில் பழகியோருக்கு இவை புதியன அல்ல. பதவியில் உள்ளவர் இடம் கொடுத்து, பதவியில் இல்லாதவர் தோள் கொடுத்தால்தான் சங்கம் நிலைக்கும் என்பதை நாம் அறிவோம். இணையவழி படிக்கும் பிள்ளைகள் உள்ள அங்கத்தினர், அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைக் கேட்பதோடு, உடன் படிப்போரில் எவரேனும் பின்தங்கியுள்ளனரா, அவருக்கு எழுதினீர்களா என்றும் கேட்பாராக.