வளர்ப்புப் பூனையுடன் தனியாகச் செல்லும் நெடுஞ்சாலைப் பயணம்

ஒருவர் வேறு துணையின்றித் தம் வளர்ப்புப் பூனையை மட்டும் அழைத்துக்கொண்டு காரில் நெடுந்தொலைவு செல்வது தனிப் பூனைப் பயணம் ஆகும். வேலை மாற்றம், வீடு மாற்றம், வீட்டில் பூனையைக் கவனிக்க ஆளில்லாமை ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகக் கன்னியாகுமரி செல்ல 600 கி.மீ.க்கும் மேல் ஆகும். இத்தகைய பயணத்தில் வண்டி ஓட்டுபவரே பூனையின் ஒரே காவலர். அவர் இறங்கிச் செல்லும் சில நிமிடங்களே பூனைக்குப் பெரும் ஆபத்தாக அமைகின்றன.

பூனையின் இயல்பு

நாய் பெரும்பாலும் மனிதரைச் சார்ந்து வாழ்வது. பூனையோ தன் இடத்தையும் அதன் வாசனையையும் சார்ந்து வாழ்வது. கன்னத்தையும் உடலையும் சுவரிலும் கதவிலும் தேய்த்துத் தன் மணத்தைப் பதித்து, அந்த எல்லைக்குள் பாதுகாப்பாக உணர்கிறது. எனவே வீட்டை விட்டு வெளியேறியதும் கத்துவதும், எச்சில் ஒழுக்குவதும், ஒளிந்துகொள்வதும் இயல்பே. இது அடம் அன்று, அச்சம். பயணப் பெட்டியைப் பூனையின் சொந்த இடமாக மாற்றினால் இந்த அச்சம் குறையும்.

அறியப்பட்ட பயணங்கள்

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரிச் ஈஸ்ட் 2015-இல் வில்லோ என்னும் கறுப்புப் பூனையுடன் வேனில் அந்நாட்டைச் சுற்றத் தொடங்கினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டீன் நிக்கல்சன் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, 2018 டிசம்பரில் போஸ்னியா – மாண்டினீக்ரோ எல்லைப் பகுதி மலைச்சாலையில் ஒரு பூனைக்குட்டியைக் கண்டெடுத்தார். நளா எனப் பெயரிட்டு அதனுடனேயே பயணத்தைத் தொடர்ந்தார். இவ்விருவரும் அவசரமின்றிச் சென்றவர்கள். அவர்களின் வண்டியே பூனைக்கு வீடாயிற்று.

முன்னேற்பாடுகள்

• பயணத்திற்குச் சில வாரங்கள் முன்பே பெட்டியை வீட்டில் திறந்து வைக்க வேண்டும். உள்ளே பழைய துணி விரித்து, அங்கேயே உணவும் கொடுத்தால் பூனை தானாகச் சென்று படுக்கும்.
• கெட்டியான, காற்றோட்டமுள்ள பெட்டியே ஏற்றது. வண்டியில் அதை சீட் பெல்ட்டால் இறுக்கிக் கட்ட வேண்டும்.
• முதலில் தெருமுனை வரை, பிறகு ஐந்து, பத்து கி.மீ. என ஒத்திகை பார்க்கலாம்.
• வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும்.
• வாந்தியைத் தவிர்க்க, புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே உணவை நிறுத்துவது வழக்கம். தண்ணீரை நிறுத்தக் கூடாது.
• அமைதிப்படுத்தும் மருந்தைக் கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டுமே தரலாம். மனிதருக்கான பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. சிறிதளவும் உயிரைப் பறிக்கும்.

வெப்பம் என்னும் ஆபத்து

வெயிலில் நிறுத்தி மூடிவைத்த காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளிவெப்பத்தைவிட ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். இதில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்கிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் அதிகப் பயனில்லை. பூனைக்குப் பாதங்களில் மட்டுமே வியர்வை சுரக்கும். உடலை நக்கி ஈரமாக்கிக் குளிர்வித்துக்கொள்ள முயலும். கடும் வெப்பத்தில் அது போதாது. பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த, ஆனால் ஐஸ் அல்லாத நீரால் உடலை நனைத்துக் காற்றுப்படச் செய்து, மருத்துவரிடம் விரைய வேண்டும்.

இருவர் சென்றால் ஒருவர் வண்டியில் ஏசியுடன் இருக்கலாம். தனியாகச் செல்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே அவருக்கு ஒரே விதி: தாம் இறங்கும்போது பூனைப் பெட்டியும் உடன் இறங்க வேண்டும். கழிப்பறைக்கும் அதைத் தூக்கிச் செல்ல வேண்டியதே. உணவகத்தில் அனுமதி கிடைக்காது என்பதால் கட்டுச்சோறு எடுத்துச் செல்வது நல்லது. மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து வேகவைக்கும் காஞ்சிபுரம் இட்லி எளிதில் கெடாது என்பதால் வழிப்பயணத்திற்கு ஏற்றது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில் விடியலுக்கு முன் புறப்பட்டு, முற்பகலுக்குள் அன்றைய பயணத்தை முடித்துக்கொள்வதே அறிவுடைமை.

வழியிலும் தங்குமிடத்திலும்

பூனை தொலைந்துபோவது பெரும்பாலும் கதவு திறக்கும் நொடியில்தான். வண்டியின் எல்லாக் கதவுகளும் கண்ணாடிகளும் மூடியிருக்கும்போது மட்டுமே பெட்டியைத் திறக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீரும் மணல் தட்டும் வைக்கலாம்.

பூனையை அனுமதிக்கும் விடுதியா என முன்பே கேட்டறிய வேண்டும். அறைக்குள் சென்றதும் சன்னல்களைச் சரிபார்த்து, குளியலறையில் மணல் தட்டை வைத்த பிறகே பூனையை வெளியே விட வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்கக் கூடாது. ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவரை அணுக வேண்டும். நீண்ட பட்டினி பூனையின் கல்லீரலைக் கெடுக்கும்.

சட்டமும் மருத்துவ உதவியும்

1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற துன்பம் தரும் வகையில் விலங்குகளைக் கொண்டுசெல்வதைக் குற்றமாக்குகிறது. 1978-இல் வந்த விலங்குகள் போக்குவரத்து விதிகளில் நாய், பூனைகளுக்கெனத் தனிப்பகுதி உள்ளது. பயணத்திற்குத் தகுதியான உடல்நிலை உண்டு என்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழை அது கோருகிறது.

சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வழியில் எந்த ஊரில் மருத்துவமனை உண்டு என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

காஞ்சியும் பூனை உவமையும்

வைணவ மரபில் இறைவனைச் சரணடைவதை விளக்க இரண்டு உவமைகள் உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்வது மர்க்கட நியாயம். இது வடகலையார் கருத்து. பூனைக்குட்டி எதுவும் செய்யாதிருக்க, தாயே அதைக் கவ்விச் செல்வது மார்ஜார நியாயம். இது தென்கலையார் கருத்து. வடகலையின் பேராசிரியரான வேதாந்த தேசிகர் 1268-இல் பிறந்த தூப்புல் காஞ்சிபுரத்தில்தான் உள்ளது.

குட்டியைத் தாய்ப்பூனை கவ்வுவதுபோல் வளர்ந்த பூனையைப் பிடரியில் பிடித்துத் தூக்கக் கூடாது. ஆயினும் பயணத்திற்கு அந்த உவமை பொருந்தும். பெட்டிக்குள் இருக்கும் பூனையால் கதவைத் திறக்கவோ, நிழலுக்குச் செல்லவோ, தாகத்தைச் சொல்லவோ இயலாது. முழுப் பொறுப்பும் சுமப்பவருடையது. அப்பொறுப்பை ஏற்க இயலாத கோடை நாட்களில், பூனையை அது பழகிய வீட்டிலேயே விட்டு, நம்பிக்கையான ஒருவரை வந்து கவனிக்கச் சொல்வதே மேல்.