வலைப்பை பின்னுவோம்

கடைக்குப் போய் வீட்டுச் சாமான் வாங்கி வருவது நாள்தோறும் நடக்கிற காரியம். என்ன வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்று கணக்குப் பார்க்கின்ற நாம், எதில் வாங்கி வருவது என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைக்காரர் ஒரு பை தருவார். வீட்டுக்கு வந்ததும் அதை எறிந்துவிடுவோம். நம் பாட்டன் பாட்டி காலத்தில் இந்தக் கவலையற்ற வழக்கம் இருந்ததில்லை. மலைநாட்டில் பிரம்புக் கூடையும் சாக்குப் பையும், யாழ்ப்பாணத்தில் பனையோலை உமலும், கிழக்கே பன்பையும் வீட்டுக்கு வீடு ஆணியில் தொங்கின. கடைக்குப் புறப்படுகிறவர் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்.

அவ்வழக்கத்துக்குத் திரும்ப விரும்புகிற குடும்பங்களுக்கு ஓர் எளிய வழியை இங்கே கூறப் போகிறோம். ஒரு குரோஷே ஊசியும் ஒரு நூற்கண்டும் இருந்தால், கடைக்கு எடுத்துச் செல்ல உறுதியான வலைப்பை ஒன்றை வீட்டிலேயே பின்னிக்கொள்ளலாம்.

மலையில் எறிந்தது எங்கே போகிறது?

கித்துல்கலையைக் கடந்து ஹற்றன் நோக்கி ஏறுகின்ற பாதையிலே அமைந்தது கினிகத்தேனை. தென்மேற்குப் பருவ மழை முழு வேகத்தோடு வந்து மோதுகின்ற மலைச்சரிவு இது. அண்மையில்தான் கெஹெல்கமு ஓயா 98 மீற்றர் உயரத்திலிருந்து அபர்டீன் நீர்வீழ்ச்சியாகப் பாய்கிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றாகிக் களனி கங்கை ஆகின்றன. அந்தக் கங்கையின் நீரைத்தான் அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மக்களுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஆகவே மலையில் ஒரு பையை எறிகிறவர், அதைத் தம் வீட்டுக்குப் பின்னால்தான் எறிந்தோம் என்று நினைத்துக்கொள்ள இயலாது. அடுத்த மழை அதைக் கானில் சேர்க்கும். கான் ஓடையில் சேர்க்கும். ஓடை ஆற்றில் சேர்க்கும்.

ஆற்றுக்குப் போகாமல் கானிலேயே தங்கிவிட்டால் தீங்கு இன்னும் அருகில் வருகிறது. தேயிலை மலைகளில் கான் வெட்டுவது எதற்கு என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்கு தெரியும். மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் ஒழுங்காக வடிந்து போவதற்கே கான்கள் வெட்டப்படுகின்றன. லயத்துக்கு மேலே உள்ள கான் அடைபட்டால், நீர் கானை விட்டுச் சரிவில் பாய்கிறது. மண்சரிவுக்குக் காரணங்கள் பல உண்டு. எல்லாப் பழியையும் பையின்மேல் போடுவது நியாயமாகாது. ஆயினும் கானை அடைக்கின்ற பொருள்களில் பொலித்தீன் பையும் ஒன்று என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள்.

எறிவதற்காகச் செய்யப்பட்டதன்று

இந்தப் பொலித்தீன் பையின் வரலாறு வியப்பானது. சுவீடன் நாட்டில் செலோபிளாஸ்ட் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டென் குஸ்தாவ் தூலின் என்ற பொறியியலாளர் இதனை வடிவமைத்தார். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு உரிமப் பத்திரம் கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பதே அவர் எண்ணம் என்றும், அவர் ஒரு பையை மடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப உபயோகித்து வந்தார் என்றும் அவருடைய மகன் கூறியிருக்கிறார். பலமுறை உபயோகிக்கச் செய்த பொருளை ஒருமுறை உபயோகித்து எறிந்தது உலகத்தார் செய்த காரியம்.

இலங்கையில் இதற்குச் சட்டம் வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீன் 2007-இல் தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரல் 14-ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து உணவு சுற்றும் தாளும் வேறு சில பொலித்தீன் பொருள்களும் தடைக்கு உள்ளாயின. 2025 நவம்பர் முதலாம் திகதி முதல், கடைகள் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தல் கூடாது, அதன் விலையைச் சிட்டையில் காட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது.

அயலிலே நீலகிரியின் உதாரணமும் உண்டு. தேயிலை விளைகின்ற அந்த மலை மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி, மாவட்ட ஆட்சியராயிருந்த சுப்ரியா சாகுவின் முயற்சியால் பிளாஸ்டிக் பைகள் விலக்கப்பட்டன. தமிழ்நாடு முழுவதுக்கும் அத்தகைய தடை வந்தது 2019 ஜனவரியில்தான். மலைவாசிகள் சமவெளியாருக்கு வழிகாட்டியதாக இதைக் கொள்ளலாம்.

நூற்பைக்கும் ஒரு கணக்கு உண்டு

நூற்பை என்றாலே நல்லது என்று நினைத்துவிடுதலும் தவறு. பருத்தி விளைவிக்க நீரும் உரமும் வேண்டும். நூற்க மின்சாரம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இதைக் கணக்கிட்டுப் பார்த்தது. பூமியின் வெப்பத்தைப் பெருக்குகின்ற வாயுக்களை மட்டும் கருதினால், ஒரு பருத்திப் பை 131 முறை உபயோகிக்கப்பட்ட பின்னரே, ஒருமுறை உபயோகித்து எறியும் பொலித்தீன் பையைவிட மேலானதாகிறது என்று அவ்வறிக்கை கூறிற்று.

வாரத்துக்கு ஒருமுறை கடைக்குப் போகின்ற குடும்பத்துக்கு 131 முறை என்பது இரண்டரை ஆண்டு. எனவே பத்துப் பை வாங்கி அலுமாரியில் அடுக்கி வைப்பதால் பயனில்லை. ஒரே பை, உறுதியான பை, இரண்டரை ஆண்டுக்கு மேலும் தாங்கும் பை வேண்டும். கடையில் வாங்கிய பையைவிடத் தாமே பின்னிய பையை மக்கள் எளிதில் எறிவதில்லை. கண்ணி அறுந்தால் அதைக் கட்டிச் சரிசெய்யவும் பின்னியவருக்குத் தெரியும். கெட்டித் துணிப்பையைவிட வலைப்பைக்கு நூலும் குறைவு. மலைநாட்டு ஈரத்தில் துணிப்பை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வலைப்பையோ காற்று நுழைவதால் அடுப்படி ஆணியில் தொங்கவிட்டாலே காய்ந்துவிடும்.

வேண்டிய பொருள்கள்

சற்றுத் தடித்த பருத்தி நூல் 100 கிராம், 4 மில்லிமீற்றர் குரோஷே ஊசி, கத்தரிக்கோல், நுனி மழுங்கிய பெரிய ஊசி, அடையாளத்துக்கு வேறு நிற நூல் ஒரு துண்டு. நைலோன் நூல் வலிமையானதுதான். ஆனால் அதுவும் பிளாஸ்டிக்கே. பழஞ்சேலையையோ சாரத்தையோ அரை அங்குல நாடாவாகக் கிழித்தும் பின்னலாம். அதற்குப் பத்து மில்லிமீற்றர் அளவில் தடித்த ஊசி வேண்டும். சுற்றுகளும் கண்ணிகளும் அப்போது குறைத்துக்கொள்ளப்படும்.

மூன்று கண்ணிகளைப் பழகினால் போதும். ஊசியில் உள்ள வளையத்தின் ஊடாக நூலை இழுத்தால் அது சங்கிலிக் கண்ணி. ஊசியைக் கீழ்க்கண்ணியில் நுழைத்து நூலை இழுத்து, ஊசியில் இரண்டு வளையம் ஆனதும் நூலைச் சுற்றி இரண்டினூடாகவும் ஒருசேர இழுத்தால் குட்டைக் கண்ணி. முதலிலேயே நூலை ஒருமுறை ஊசியில் சுற்றிக்கொண்டு கீழ்க்கண்ணியில் நுழைத்து இழுத்தால் மூன்று வளையம் ஆகும்; அவற்றை இரண்டிரண்டாக இருமுறை இழுத்து முடித்தால் நெட்டைக் கண்ணி.

பின்னும் முறை

அடிப்பாகம்: ஐந்து சங்கிலி போட்டு, கடைசிக் கண்ணியை முதற் கண்ணியோடு இணைத்து வட்டமாக்குக. மூன்று சங்கிலி எழுப்புக. இது ஒரு நெட்டைக் கண்ணியாக எண்ணப்படும். வட்டத்துக்குள் மேலும் 11 நெட்டைக் கண்ணி போட்டால் முதற் சுற்றில் 12 ஆகும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தொடக்கத்தோடு இணைத்து, மூன்று சங்கிலியோடு அடுத்த சுற்றைத் தொடங்குக. இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 24. மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, மொத்தம் 36. நான்காம் சுற்றில் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 48. ஐந்தாம் சுற்றில் ஒவ்வொரு நான்காவது கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 60. பாரம் முதலில் தங்குவது அடிப்பாகத்திலே ஆதலால் இதனை நெருக்கமாகப் பின்னுதல் அவசியம்.

வலை: ஐந்து சங்கிலி போட்டு, இரண்டு கண்ணிகளை விட்டு மூன்றாவதில் ஒரு குட்டைக் கண்ணி போடுக. சுற்றிலும் இவ்வாறே செய்தால் 20 வளைவுகள் கிடைக்கும். அதன்பின் இணைக்க வேண்டியதில்லை. ஐந்து சங்கிலி போட்டு, கீழ் வளைவின் நடுவே ஒரு குட்டைக் கண்ணி என்று சுருளாகத் தொடர்ந்து செல்லலாம். சுற்றுத் தொடங்கும் இடத்தில் நிற நூலை அடையாளமாக மாட்டி, சுற்றுக்கு 20 வளைவு உண்டா என்று எண்ணிக்கொள்க. உயரம் 30 சென்ரிமீற்றர் ஆகும்வரை, ஏறத்தாழ 20 சுற்றுப் பின்ன வேண்டும்.

விளிம்பும் தோள்வாரும்: ஒவ்வொரு வளைவிலும் நான்கு குட்டைக் கண்ணி போட்டால் 80 ஆகும். அவற்றின்மேல் இன்னும் இரண்டு சுற்றுக் குட்டைக் கண்ணி போட்டால் வாய் உறுதிப்படும். பின்னர் 8 கண்ணிகளின்மேல் மட்டும், வரிசை முடிவில் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பித் திருப்பி, 45 சென்ரிமீற்றர் நீளம் வார் பின்னுக. இருபக்கமும் 32 கண்ணிகள் விட்டு, எதிரேயுள்ள 8 கண்ணிகளோடு வாரின் நுனியை இரட்டை நூலால் தைத்துவிடுக. பாரம் ஏறினால் வலை நீளும். ஆகவே வாரை இதற்குமேல் நீட்ட வேண்டாம்.

கோவா, கரட், பீட்றூட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, தேங்காய் யாவும் இதில் செம்மையாக அமரும். காலிப் பை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். சாமான் போடப் போட விரியும். பச்சை மிளகாயும் அரிசியும் கண்ணிகளினூடே சிந்தும் ஆதலால், அவற்றுக்குச் சிறு துணிப்பை ஒன்றை உள்ளே வைத்துக்கொள்க. மீனுக்கு மூடியுள்ள பாத்திரம் எடுத்துச் செல்வதே நலம்.

கைத்திறனும் கூலியும்

பின்னல் பெண்களின் பொழுதுபோக்கு என்று சொல்லப்படுவது உண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது அயர்லாந்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் குரோஷே பின்னலே சோறு போட்டது. தமிழ் நிலத்தில் நாகர்கோவிலில், மிஷனரியின் மனைவியான மார்த்தா மால்ட் 1820-களில் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார். அது குரோஷே அன்று. திண்டின்மேல் நூல்களை முறுக்கிப் பின்னுகின்ற வேறு வகை. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்னரே அடிமைப் பெண்கள் சிலர் பின்னல் ஊதியத்தைக் கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன.

மறுபக்கமும் உண்டு. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் குரோஷே பின்னுகிறார்கள். அப்பின்னல் கடல் கடந்து விற்பனையாகிறது. 2024-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் மணிக்கணக்காக உழைத்த அப்பெண்களை ஒருவரும் தொழிலாளர் என்று எண்ணவில்லை. வீட்டிலிருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே எண்ணினார்கள். அதனால் கூலியும் அற்பமாயிற்று என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இதை நம் தோட்டப் பெண்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பழகிய கைக்கு இப்பை பின்ன ஐந்து மணி நேரம் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 169 ரூபாய். அந்தக் கூலி போதாது என்பதே தொழிலாளர் கூறி வந்தது. அந்தக் கணக்கிலே பார்த்தாலும், நூல் விலை நீங்கலாக ஒரு பைக்குக் கைக்கூலி மட்டும் 840 ரூபாய்க்கு மேல் ஆகிறது. முந்நூறு ரூபாய்க்குத் தருவீர்களா என்று கேட்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லத் தயங்க வேண்டாம். அவ்விலைக்கு விற்பதைவிட, தம் வீட்டுக்கும் உறவினருக்கும் பின்னிக் கொடுப்பதே மேல்.

இன்னும் ஒன்று. பகல் முழுவதும் மலையில் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகின்ற தாயின் தலையில் இதையும் சுமத்துதல் தகாது. மாணவ மாணவியரே இதற்கு ஏற்றவர்கள். ஆண்பிள்ளைகள் கூச வேண்டியதில்லை; கடலோரத்தில் ஆண்களும் வலை முடிகிறார்கள் அல்லவா? விடுமுறையில் நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால், புதிதாகப் பழகுகின்ற பிள்ளையும் மூன்று வாரத்தில் ஒரு பையை முடித்துவிடும். அதை அம்மாவின் கையில் கொடுத்து, சம்பளநாள் கடைச்சாமானை அதிலே வாங்கி வரச் செய்யட்டும். 131 முறையில் அது முதல் முறையாக இருக்கும்.