மூன்று பாதிகள் கொண்ட ஆட்டம்

விளையாட்டு மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று இல்ல விளையாட்டுப் போட்டிகளின்போது ஆண்டுதோறும் கேட்டு வருகிறோம். ஆனால் ஒரு பந்தும் இரண்டு அணிகளும் இருந்துவிட்டால் ஒற்றுமை தானாக வந்துவிடுமா? உதைபந்தாட்ட வரலாற்றில் நடந்த ஒரு துயரச் சம்பவம் என்னை இவ்வாறு கேட்க வைக்கிறது.

1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் கொலம்பியா ஐக்கிய அமெரிக்காவை எதிர்த்து ஆடியது. எதிரணியின் பந்தைத் தடுக்க முயன்றார் அந்திரேஸ் எஸ்கோபார் என்ற கொலம்பிய வீரர். பந்து அவரது காலில் பட்டு அவருடைய அணியின் கோலுக்குள்ளேயே புகுந்தது. கொலம்பியா 2-1 என்ற கோல் கணக்கில் தோற்றது. நாடு திரும்பிய எஸ்கோபார் ஜூலை 2ஆம் திகதி தமது சொந்த ஊரான மெடலின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27.

அந்நாட்களில் மெடலினில் வாழ்ந்த யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜேர்மனியரை இக்கொலை உலுக்கியது. அந்நகரின் வறிய குடியிருப்புகளில் இளைஞர்கள் ஆயுதக் கும்பல்களாகப் பிரிந்து கிடந்தார்கள். பகைமைக்குக் காரணமான அதே ஆட்டத்தைக் கொண்டே அவர்களைச் சேர்க்க முடியாதா என்ற எண்ணத்தில், 1996இல் 'சமாதானத்துக்கான உதைபந்தாட்டம்' என்ற திட்டம் அங்கு ஆரம்பமானது.

இதன் விதிகள்தாம் என்னைக் கவர்ந்தவை. ஆண்களும் பெண்களும் கலந்த சிறிய அணிகள் ஆடும். முதற் கோலை ஒரு பெண்ணே போட வேண்டும். மத்தியஸ்தர் கிடையாது. ஆட்டம் இரண்டு பாதிகளுக்குப் பதிலாக மூன்று பாதிகளைக் கொண்டது. முதற்பாதியில் இரு அணிகளும் வட்டமாக நின்று அன்றைய விதிகளைப் பேசித் தீர்மானிக்கும். இரண்டாம் பாதியில் ஆட்டம் நடக்கும். மூன்றாம் பாதியில் மறுபடியும் கூடி, ஒப்புக்கொண்டபடி நடந்தோமா என்று ஆராய்ந்து, ஒரு அணி மற்ற அணியின் நேர்மைக்குப் புள்ளி வழங்கும். பேச்சை நெறிப்படுத்த ஒரு இணைப்பாளர் இருப்பார். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை.

உதாரணமாக, வென்ற அணிக்கு 3 புள்ளிகளும் தோற்ற அணிக்கு 1 புள்ளியும் என வைத்துக்கொள்வோம். தோற்ற அணி நேர்மைக்காக 3 புள்ளிகள் பெற்று, வென்ற அணி அதற்காக ஒன்றுமே பெறாவிட்டால் முடிவு 4-3. கோல் அடித்தவர்கள் தோற்றுவிடுவார்கள்!

மத்தியஸ்தர் இருந்தால் அவரைத் திட்டிவிட்டு வீடு போகலாம். அவர் இல்லாதபோது எதிரணியின் முகத்தைப் பார்த்துப் பேசியே ஆக வேண்டும். நம் வீடுகளில் ஒரு காரியத்துக்கு முன்பு மஷூரா செய்வோமே, அதைப் போன்றதுதான் முதற்பாதி. நாமே ஒப்புக்கொண்ட விதியை மீறுவது, பிறர் திணித்த விதியை மீறுவதைவிடக் கூச்சம் தரும்.

பின்னர் இம்முறை ஜேர்மனியின் பிரண்டன்பேர்க் மாநிலத்துக்குச் சென்றது. அங்கே வெளிநாட்டவர்மீதான வெறுப்பை எதிர்கொள்ள இது பயன்பட்டது. 2006இல் உலகக் கிண்ணம் ஜேர்மனியில் நடந்தபோது, பல நாட்டு இளைஞர் அணிகள் பங்குகொண்ட தெரு உதைபந்தாட்ட விழாவொன்று பேர்லினின் குறொய்ஸ்பேர்க் பகுதியில் நடைபெற்றது. துருக்கியிலிருந்து வந்த குடும்பங்கள் பெருமளவில் வாழும் பகுதி அது.

நமது நாட்டுக்கு இது பொருந்துமா? இங்கே பெரும்பாலான பாடசாலைகள் மொழிவாரியாகப் பிரிந்திருக்கின்றன. சிங்கள மாணவிகளை நாம் சந்திப்பதே போட்டிகளில்தான். அங்கும் வெற்றி தோல்வியோடு அவரவர் பஸ்ஸில் ஏறிவிடுகிறோம். பந்தை உதைக்க மொழி தேவையில்லை. மூன்றாம் பாதிக்கோ மொழி வேண்டும். ஆகவே இரு மொழியும் தெரிந்த இணைப்பாளர்கள் இல்லாமல் இதை இங்கே நடத்த முடியாது. அந்த வேலையைச் செய்ய, இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் நம்மால் ஏன் முடியாது?

ஆண்களுடன் கலந்து ஆடும் விதி நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லலாம். விதிகளை ஆடுவோரே வகுக்கும் ஆட்டம் இது. பெண்கள் மாத்திரம் ஆடுவது என்று இரு அணிகளும் முதற்பாதியில் முடிவு செய்யலாம். உடையும் இன்று தடையில்லை. 2014இல் சர்வதேச விதிகள் தலையை மறைத்து ஆடுவதை அனுமதித்தன. 2023 மகளிர் உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்து களமிறங்கினார்.

பெண் கோல் போட்ட பிறகே ஆட்டம் சூடுபிடிக்கும் என்ற விதியால், மெடலினின் முரட்டு இளைஞர்களும் பெண்களுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. யாருக்குப் பந்து கிடைப்பதில்லையோ அவருக்கும் அது போய்ச் சேரும்படி விதி செய்வதே இந்த ஆட்டத்தின் உயிர். நம் கல்லூரியும் அயலிலுள்ள ஒரு சிங்களப் பாடசாலையும் ஒரு நாள் பின்னேரம் இப்படி ஆடிப் பார்க்கலாம். கிண்ணம் தேவையில்லை. ஒரு பந்தும், வட்டமாக நின்று பேச அரைமணி நேரமும் போதும்.