கடின உழைப்புப் பணிகளுக்கான காலணி: நீரிழிவு உள்ளவர்களும் பராமரிப்பவர்களும் அறிய வேண்டியவை

கட்டுமானம், சுமை தூக்குதல், சாலை போடுதல், பட்டறை வேலை போன்ற பணிகளில் ஈடுபடுவோர் நாளின் பெரும்பகுதியைக் காலில் நின்றே கழிக்கின்றனர். இவர்களுள் நீரிழிவு நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாத காலணியால் ஏற்படும் சிறு கொப்புளம், விரலையோ பாதத்தையோ இழக்கும் நிலைக்கும் இட்டுச் செல்லக்கூடும். ஆகவே, மாத்திரைக்கும் உணவுக்கும் அளிக்கும் கவனத்தை, வேலைக்கு அணியும் காலணிக்கும் அளிக்க வேண்டும்.

எமது புறநோயாளர் பிரிவுக்கு வந்த சென்ட்ரிங் தொழிலாளி ஒருவர், காலில் துர்நாற்றம் வீசுகிறது என்று மட்டுமே கூறினார். வலி என்று கூறவில்லை. காலணியைக் கழற்றிப் பார்த்தபோது, ஆணி ஒன்று அடிப்பாகத்தைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அது எத்தனை நாளாக அங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியவில்லை. முன்புறம் எஃகு மூடி பொருத்திய, விலை கூடிய காலணிதான் அது. உள்நோயாளியாகச் சேர்த்து அவருடைய பாதத்தைக் காப்பாற்ற முடிந்தது. ஒரு விரலைக் காப்பாற்ற இயலவில்லை.

வலி தெரியாத பாதம்

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் கட்டுப்பாடின்றி இருந்தால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு, தொடு உணர்வும் வலியும் படிப்படியாகக் குறைகின்றன. செருப்பு காலிலிருந்து நழுவி விழுந்தது தெரியாமல் நடந்து செல்வது இதன் முக்கியமான அறிகுறி. 1946-ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் சிதைவதற்குப் பெரும் காரணம் வலி உணர்வை இழந்ததால் தொடர்ந்து ஏற்படும் காயங்களே என்பதை எடுத்துக்காட்டினார். அவ்வகை நோயாளிகளுக்காக நுண்துளை ரப்பர் மெத்தை கொண்ட எம்.சி.ஆர். காலணிகள் நம் நாட்டில் பயன்பாட்டுக்கு வந்தன. நீரிழிவால் உணர்விழந்த பாதத்திற்கும் இதே அறிவு பொருந்தும்.

உணர்வு குறைந்திருக்கிறதா என்பதை அறிய, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை உள்ளது. வலியற்றது, சில நிமிடங்களே ஆகும். வேலைக்குப் புதுக் காலணி வாங்கும் முன் இச்சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஏனெனில் உணர்வு உள்ளவருக்குச் சொல்லும் அறிவுரையும் உணர்வு இழந்தவருக்குச் சொல்லும் அறிவுரையும் ஒன்றல்ல.

அளவைக் காலைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

உணர்வு குறைந்தவர்கள் பெரும்பாலும் தேவையைவிடச் சிறிய காலணியையே வாங்குகின்றனர். சரியான அளவுள்ள காலணி அவர்களுக்குத் 'தொளதொள' என்று தோன்றுகிறது. இறுக்கிப் பிடிக்கும் காலணியே காலில் இருப்பதாக உணரப்படுகிறது. இதனால் கடையில் "சரியாக இருக்கிறது" என்று அவர்கள் சொல்வதை நம்ப இயலாது. கண்ணாலும் கையாலும் அளந்தே வாங்க வேண்டும்.

மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் கடைக்குச் செல்லுங்கள். வேலையின்போது அணியும் காலுறையை அணிந்துகொண்டு, நின்ற நிலையில் இரு பாதங்களையும் அளக்க வேண்டும். இரண்டில் பெரிய பாதத்திற்கு ஏற்ற அளவே உங்கள் அளவு. மிக நீளமான விரலுக்கும் காலணியின் முனைக்கும் இடையே ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. மிக நீளமான விரல் எப்போதும் கட்டைவிரலாகவே இருக்கும் என்பதில்லை. பலருக்கு இரண்டாம் விரலே நீளம்.

அகலத்தை அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. தடித்த தாளில் காலை ஊன்றி நின்று, பாதத்தின் ஓரத்தை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அத்தாளைக் கடைக்கு எடுத்துச் சென்று காலணிக்குள் செலுத்துங்கள். தாளின் ஓரம் மடிந்தால் அக்காலணி உங்களுக்கு ஒடுக்கம். அகலம் போதவில்லை என்பதற்காக நீளத்தில் ஓர் எண் கூட்டி வாங்குவது தவறு. பாதம் முன்னும் பின்னும் வழுக்கி, குதிகாலில் கொப்புளம் உண்டாகும். பெண் தொழிலாளர்கள் இதில் மிகவும் பாதிக்கப்படுகின்றனர். ஆண்களின் பாத வடிவத்திற்குச் செய்த காலணியின் சிறிய எண்ணே பல பணியிடங்களில் அவர்களுக்கு வழங்கப்படுகிறது. பெண்களின் குதிகால் பொதுவாக ஒடுங்கியது என்பதால் அது பின்புறம் பிடிப்பதில்லை.

குத்தவைத்து அமர்ந்து வேலை செய்பவர்கள், குறிப்பாக டைல்ஸ் பதிப்பவர்கள், கடையிலேயே ஒருமுறை குத்தவைத்துப் பார்க்க வேண்டும். எஃகு மூடியின் பின்விளிம்பு விரல்களின் மேற்புறத்தை அழுத்துவது நிற்கும்போது தெரியாது. விரல்கள் வளைந்தோ மேல்தூக்கியோ இருப்பவர்களுக்கு முன்பகுதி உயரமாக உள்ள காலணியே ஏற்றது. மென்மைக்காகக் கூடுதல் மெத்தை வைக்க விரும்பினால், ஏற்கெனவே உள்ள மெத்தையை எடுத்துவிட்டு வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பாதம் மேலே தள்ளப்பட்டு விரல்கள் உரசும்.

முத்திரையும் அடிப்பாகமும்

பாதுகாப்புக் காலணிகளில் ஐ.எஸ். 15298 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பாருங்கள். இத்தரத்தின் இரண்டாம் பகுதிக்கு உட்பட்ட காலணியின் முன்மூடி 200 ஜூல் தாக்கத்தைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். ஆனால் முன்மூடி இருப்பதால் அடிப்பாகத்தில் ஆணி ஏறாது என்று பொருளல்ல. இதைப் பலரும் அறிவதில்லை. ஆணி துளைக்காத தகடு தனியாகப் பதிக்கப்பட்டிருக்க வேண்டும்; அத்தகைய காலணியில் 'பி' என்ற எழுத்தோ, 'எஸ்1பி', 'எஸ்3' என்ற குறியோ காணப்படும். சென்ட்ரிங் பலகை பிரிப்பவர்களும் கம்பி கட்டுபவர்களும் இக்குறி இல்லாத காலணியை வாங்காமல் இருப்பது நல்லது.

நீடித்து உழைக்குமா என்பதை அறிய, தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் நெடுநாள் கிடந்தால், அணியாமலே பொடிந்து உதிரும்; தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய இருப்பில் இவ்வாபத்து உண்டு. சூடான தாரில் நடப்பவர்களுக்கு நைட்ரைல் ரப்பர் அடிப்பாகம் தேவை. சேற்று வயலிலும் கழிவுநீரிலும் வேலை செய்பவர்களுக்கு முழங்கால் வரையிலான கம் பூட்ஸ் எலிக்காய்ச்சலிலிருந்து ஓரளவு பாதுகாப்பு அளிக்கும். கட்டுமானப் பணியிடத்தில் பாதுகாப்புக் காலணி வழங்குவது வேலையளிப்பவரின் கடமை; வழங்கப்பட்ட காலணி அளவு பொருந்தாவிடில் மாற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

சிமெண்ட் கலவை காலணிக்குள் புகுந்தால்

ஈரமான சிமெண்ட் கலவை கடும் காரத்தன்மை உடையது. கான்கிரீட் போடும்போது அது காலணியின் மேல்வாய் வழியாக உள்ளே புகுந்தால், தோலோடு ஒட்டி நின்று மெல்ல மெல்லப் புண்ணாக்கும். உணர்வு உள்ளவர்களுக்கே சில மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தெரியும். உணர்வு இழந்தவர்களுக்குத் தெரியவே தெரியாது. வேலை முடியட்டும் என்று காத்திராமல் உடனே காலணியையும் காலுறையையும் கழற்றி, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், எண்ணெய், பற்பசை எதையும் தடவக் கூடாது. கான்கிரீட் பணிக்கு உயரமான ரப்பர் பூட்ஸ் அணிந்து, கால்சட்டையை அதன் வெளிப்புறமாக விட வேண்டும். உள்ளே செருகினால் கலவை வழிந்து இறங்கும்.

புதுக் காலணி அணியும் முதல் வாரம்

முதல் நாளே முழு நேர வேலைக்கு அணிய வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் அணிந்து, கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் அரை மணி நேரத்திற்குள் மறையாவிடில், அவ்விடத்தில் காலணி அழுத்துகிறது என்று பொருள். நேரத்தை நாள்தோறும் சிறிது கூட்டலாம்.

பருத்தி அல்லது வியர்வையை உறிஞ்சும் துணியாலான, உட்புறத் தையல் தடித்திராத காலுறையை அணியுங்கள். வெளிர்நிறக் காலுறை சிறந்தது. இரத்தக்கறையோ சீழோ உடனே தெரியும். வியர்வையில் நனைந்த காலணி உலர ஒரு முழு நாள் தேவைப்படுவதால், இயன்றவர்கள் இரண்டு இணைகளை மாற்றி மாற்றி அணியலாம். இரண்டு இணை வாங்கச் சொல்வது தினக்கூலி பெறுபவருக்கு எளிதன்று என்பதை அறிவோம். ஒரே இணை வைத்திருப்பவர்கள் இரவில் மெத்தையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதுமானது. அடுப்பருகே உலர்த்தினால் தோல் விறைத்து வெடிக்கும். ஈரம் தங்கினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டாகி, அதன் வழியே கிருமிகள் நுழையும்.

பராமரிப்பவர்களுக்கு

காலையில் காலணியை அணியும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கல், ஆணிமுனை, மடிந்த மெத்தை, சில நேரங்களில் தேள் ஆகியவை இவ்வாறு கண்டறியப்படுகின்றன. இரவில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, அடிப்பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பார்வை மங்கியவர் தம் அடிப்பாதத்தைத் தாமே பார்க்க இயலாது. வீட்டிலுள்ள ஒருவர் இப்பணியை ஏற்க வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதையும், மருந்துக் கடையில் கிடைக்கும் அமிலப் பிளாஸ்திரி ஒட்டுவதையும் அறவே தவிர்க்கவும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நிலைகள்

ஆணி குத்தினால் வெளிப்புறத் துளை சிறிதாயிருந்தாலும் அன்றே வாருங்கள். காலணியின் ரப்பரைத் துளைத்துச் செல்லும் ஆணி கிருமிகளை எலும்பு வரை கொண்டு சேர்க்கக்கூடும். தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டு திரும்புவது போதாது. ஒரு பாதம் மட்டும் சூடாகி வீங்கி, வலியே இல்லாதிருந்தால் மேலும் நடக்காதீர்கள். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். புண், கருநிறம், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதிக்கலாகாது. பாதத்தில் திறந்த புண் உள்ளவர் அது ஆறும் வரை வேலைக் காலணியை அணியக் கூடாது. சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்காலில் வலித்து, நின்றால் தணிபவர்களுக்கு இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். காலணி வாங்கும் முன் அதைப் பரிசோதிக்க வேண்டும்.

ஐயமிருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். வரும்போது, வேலைக்கு அணியும் காலணியையும் காலுறையையும் கழுவாமல் அப்படியே உடன் கொண்டு வாருங்கள். அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, மெத்தை எவ்விடத்தில் குழிந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்தே, பாதத்தில் எங்கு அழுத்தம் விழுகிறது என்பதை மருத்துவர் அறிய முடியும்.