நந்தினி யாருடைய பெயர்?

கர்நாடகக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பு 1985 முதல் ‘நந்தினி’ என்ற பெயரில் பால் விற்றுவருகிறது. 1989-இல் அதே பெயரோடு ‘நந்தினி டீலக்ஸ்’ உணவகம் தொடங்கப்பட்டது. பிற்பாடு பல உணவுப் பொருள்களுக்கும் அந்தப் பெயரை வணிகச் சின்னமாக, அதாவது டிரேட்மார்க்காக, பதிவு செய்ய உணவகம் விண்ணப்பித்தது. கூட்டமைப்பு எதிர்த்தது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்திலும் உயர் நீதிமன்றத்திலும் கூட்டமைப்புக்கே வெற்றி. ஆனால் 2018 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றம் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

நந்தினி புராணத்தில் வரும் பசுவின் பெயர். கூட்டமைப்பு புதிதாக உருவாக்கிய சொல் அல்ல. தவிர, ஒரு வகுப்பில் ஒரு பொருளுக்குப் பதிவு பெற்றவர் அந்த வகுப்பிலுள்ள எல்லாப் பொருள்களுக்கும் உரிமை கோர முடியாது என்றது நீதிமன்றம். பால், பால் பொருள்களுக்கு அந்தப் பெயரைக் கோருவதை உணவகம் கைவிட்டது. தீர்ப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் பால் கறந்து ஊற்றும் குடும்பங்களின் உழைப்பில் பேரெடுத்த ஒரு சொல்லை இன்னொருவரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பது வருத்தம்தான்.

பெயரைக் காப்பது நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உள்ள கவலைதான். அங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு, “சங்கத்தைத்தான் பதிவு பண்ணியாச்சே!” அது கூட்டுறவுச் சட்டப்படியான பதிவு, சங்கத்துக்குச் சட்டத்தின் முன் ஓர் ஆளாக நிற்கும் தகுதியைத் தருகிறது, அவ்வளவுதான். நெய் பாட்டிலில் ஒட்டும் பெயருக்குப் பாதுகாப்பு 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ் தனியாகப் பெற வேண்டியது. சரக்குகளுக்கும் சேவைகளுக்கும் சேர்த்து அதில் 45 வகுப்புகள். பால், தயிர், வெண்ணெய் 29-ஆம் வகுப்பு, காபித்தூளும் ஐஸ்கிரீமும் 30, துணி 24, தைத்த ஆடை 25. இன்று பால் மட்டும் விற்கும் சங்கம் அடுத்த ஆண்டு ஐஸ்கிரீம் போடுமானால் இரண்டு வகுப்புக்கும் கட்டணம் கட்ட வேண்டும். இணையவழி விண்ணப்பத்துக்கு வகுப்பு ஒன்றுக்கு 9,000 ரூபாய். உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்றோடு சிறு நிறுவனமாக விண்ணப்பித்தால் 4,500.

விண்ணப்பம் யார் பெயரில் போகிறது என்பதில்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். அவசரத்துக்குத் தலைவர் பெயரிலோ செயலாளர் பெயரிலோ போட்டுவிட்டால் சட்டத்தின் கண்ணில் சின்னம் அவருடையது. பதவிக்காலம் முடிந்து அவர் போகும்போது பெயரும் கூடவே போய்விடலாம். நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, சங்கத்தின் முழுப் பதிவுப் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். ‘அமுல்’ இதற்கு எடுத்துக்காட்டு. அச்சின்னத்தின் உரிமை இன்றும் குஜராத்தின் ஆனந்தில் உள்ள கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்திடமே இருக்கிறது. 1973-இல் பிறந்த குஜராத் மாநிலக் கூட்டமைப்பு உரிமம் பெற்று அதைப் பயன்படுத்துகிறது. கனடாவில் சிலர் அமுல் பெயரையும் சின்னத்தையும் இணையத்தில் போட்டுக்கொண்டபோது ஒன்றியமும் கூட்டமைப்பும் சேர்ந்து வழக்குத் தொடுத்து 2021-இல் வென்றன.

சங்கம் தானே விற்காமல், உறுப்பினர்கள் தத்தம் சரக்கை ஒரே முத்திரையோடு விற்பதும் உண்டு. நெசவாளர் சங்கங்களில் இது பொருந்தும். அதற்குச் சட்டத்தில் ‘கூட்டுச் சின்னம்’ என்று தனி வழி இருக்கிறது. யார் பயன்படுத்தலாம், விதி மீறினால் என்ன நடவடிக்கை என்பதையெல்லாம் எழுதி விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். இதைப் புவிசார் குறியீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்த குறியீடு அந்த மண்ணின் நெசவுக்கு உரியது, ஒரு சங்கத்தின் தனிச்சொத்து அல்ல.

விண்ணப்பித்த பிறகு காலக்கெடுக்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். பதிவு அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கை வந்தால் ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். வணிகச் சின்ன இதழில் விண்ணப்பம் வெளியான நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு கைக்கு வந்த இரண்டு மாதத்தில் மறுமொழி போகாவிட்டால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். நிர்வாகக் குழு கூடும்வரை அந்தக் காலக்கெடு காத்திருக்காது. அறிவிப்புகள் பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகின்றன. அதைத் தினமும் திறந்து பார்ப்பது யார் பொறுப்பு என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.