விளையாட்டும் படிப்பும்: அமெரிக்க மாணாக்கர் செய்யும் ஆயத்தம்

விளையாட்டு கல்விக்குப் பகை என்பாரும், அது கல்வியின் ஓர் உறுப்பே என்பாரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் அறியத்தக்க ஏற்பாடொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உண்டு. அங்கே பல்கலைக்கழக அணியிற் சேர விரும்பும் மாணாக்கர் விளையாட்டுத் திடலில் மாத்திரமன்றி வகுப்பறையிலும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். அஃது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பெயர்களைத் தெளிதல் நன்று. நாம் கல்லூரி என வழங்குவது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தையே. அமெரிக்கரோ அச்சொல்லாற் பட்டப்படிப்பு நடைபெறும் இடத்தைக் குறிப்பர். ஒன்பதாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள நான்காண்டுப் படிப்பு அவர்க்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்பாகும். பல்கலைக்கழக விளையாட்டுக்களை நெறிப்படுத்தும் சங்கங்களுள் முதன்மையானது 1906ஆம் ஆண்டில் தோன்றி என்.சி.ஏ.ஏ. எனச் சுருங்க வழங்கப்படுவது. அதன்கண் அடங்கிய கல்விநிலையங்கள் மூன்று பிரிவாக வகுக்கப்பட்டுள்ளன. முதலிரு பிரிவினரும் விளையாட்டுத் திறன் கருதிப் புலமைப்பரிசில் வழங்கலாம். மூன்றாம் பிரிவினர் வழங்குதலாகாது. முதற் பிரிவைச் சேர்ந்தனவாயினும் ஹாவார்ட், பிறின்ஸ்ரன் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்கள் அத்தகைய பரிசில் வழங்குவதில்லை.

முதற் பிரிவில் விளையாடத் தகுதிபெற வேண்டுவோர் சங்கம் ஏற்றுக்கொண்ட 16 பாடங்களை நான்காண்டுகளிற் கற்று முடித்தல் வேண்டும். ஆங்கிலத்தில் நான்கு, கணிதத்தில் மூன்று, விஞ்ஞானத்தில் இரண்டு, சமூகவியற் பாடங்களில் இரண்டு என்பன அவற்றுட் சில. நான்கு புள்ளியை உச்சமாகக் கொண்ட அளவில் அப்பாடங்களின் சராசரி 2.3 ஆயினும் இருத்தல் வேண்டும். இவற்றினும் நுண்ணிய விதி ஒன்றுண்டு. பதினாறு பாடங்களுட் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தொடங்குமுன்னரே முடிந்திருத்தல் வேண்டும். அப்பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் என்பவற்றைச் சார்ந்தனவாதல் வேண்டும். அவ்வேழிற் பெற்ற புள்ளியைப் பின்னர் மீண்டும் படித்து உயர்த்துதல் இயலாது. ஆதலின், இறுதியாண்டில் விழித்தெழுவோர்க்கு இங்கே இடமில்லை. ஒன்பதாம் வகுப்பிற் கணிதத்தைப் புறக்கணித்த ஓட்டவீரன் அதன் பயனைப் பன்னிரண்டாம் வகுப்பில் அனுபவிப்பான்.

உடற்பயிற்சியிலும் நிதானம் வேண்டும். ஒரே விளையாட்டில் இளமையிலேயே முழுதும் ஈடுபடுதல் உறுப்புக்களுக்கு ஊறும் உள்ளத்துக்குச் சலிப்பும் தரும் என்பது மருத்துவர் கருத்து. 2016ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, பதினைந்து அல்லது பதினாறு வயதுவரை பல விளையாட்டுக்களிற் பழகுதலும், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்தலும் நன்று என வற்புறுத்துகின்றது.

இத்துணை ஆயத்தஞ் செய்தாரெல்லாம் பயன்பெறுவரோ எனின், அன்று. உயர்நிலைப் பள்ளிகளில் விளையாடுவோருள் நூற்றுக்கு ஏழு பேர் அளவினரே பல்கலைக்கழக அணிகளை அடைகின்றனர். முதற் பிரிவை அடைவோர் நூற்றுக்கு இருவர் அளவினரே. எஞ்சியோர்க்குக் கைகொடுப்பது அவர் கற்ற கல்வியே. அணியிற் சேர்ந்தார்க்கும் ஒரு முழங்காற் காயம் ஆட்டத்தை முடித்துவிடக்கூடும். 2021 முதல் வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருளீட்டவும், 2025 முதற் பல்கலைக்கழக வருவாயில் நேரே பங்கு பெறவும் வழி திறந்துள்ளது. பொருள் பெருகுமிடத்துப் படிப்புப் பின்தள்ளப்படுமோ என்னும் அச்சம் நியாயமானதே. ஆதலின் முற்கூறிய பாடவிதி இன்று முன்னையினும் வேண்டப்படுவதாகும்.

இரண்டையும் ஒருங்கே போற்றினார் அடைந்த பயனுக்குச் சான்றுகள் உள. கூடைப்பந்தாட்ட வீரர் பில் பிறட்லி, விளையாட்டுப் பரிசிலை விடுத்துப் பிறின்ஸ்ரனிற் கற்றார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற அணியில் ஆடினார். றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போட் சென்றார். 1979 முதல் 1997 வரை செனற் சபையில் வீற்றிருந்தார். நம்மவர்க்கு இன்னும் அணித்தான சான்று நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் கற்ற இவர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று அதன் அணியிலும் இடம்பெற்றார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாக்களில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டினார். பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

அமெரிக்கரின் ஏற்பாடு முழுவதும் நமக்குப் பொருந்தும் என்பது கருத்தன்று. ஆயினும் அதன் அடிப்படை நாம் கொள்ளத்தக்கது. விளையாட விரும்பும் மாணவனைப் புத்தகத்தைக் காட்டித் திடலினின்றும் துரத்துதலும், வெற்றிக்கேடயத்தின் பொருட்டு அவன் பாடங்களைக் கைவிடக் கண்டும் வாளாவிருத்தலும் ஒருங்கே தவறாம். திடலுக்குச் செல்லும் வழி வகுப்பறையினூடாகவே செல்கின்றது என்பதை அவன் இளமையிலேயே உணருமாறு செய்தல் ஆசிரியர், பெற்றோர் இருவரின் கடமையுமாகும்.