காற்றில்லா நாளில் ஏறும் கடல்

வானத்தில் கருமேகமில்லை, தென்னங்கீற்றும் அசையவில்லை. எனினும் சித்திரை வெயில் காயும் நண்பகலில் கடல் திடீரெனப் பொங்கி, வலை உலர்த்தும் மணல்வெளியைத் தாண்டி, முதல் வரிசை வீடுகளின் திண்ணைவரை உப்புநீரையும் மணலையும் கொண்டுவந்து சேர்ப்பதைக் கேரளத்துத் தென்கரையினரும், ஆரோக்கியபுரம் முதல் நீரோடிவரை வாழும் குமரி மாவட்டத்து மீனவரும் நன்கு அறிவார்கள். கள்ளக்கடல் என்று வழங்கப்பெறும் இந்நிகழ்ச்சி 2005 மே மாதத்தில் அக்கரைகளை வருத்தியபின், விஞ்ஞானிகள் இதன் காரணத்தை விரிவாக ஆராய்ந்தனர்.

இதன் உற்பத்தி ஸ்தானம் நம் கரைக்கு வெகு தூரத்தில் உள்ளது. இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில், தெற்கு நாற்பதாவது அட்சரேகைக்கும் அப்பால், பெரும்புயல்கள் பரந்த நீர்ப்பரப்பின்மீது இடைவிடாது வீசும்போது, காற்றின் சக்தி நீரில் ஏறி நீண்ட அலைகளாக உருக்கொள்கிறது. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர 18 விநாடி பிடிக்கும் அலையின் நீளம் ஆழ்கடலில் ஏறக்குறைய 500 மீட்டர். அத்தகைய அலைக்கூட்டம் நாளொன்றுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் வீதம் வடக்கு நோக்கி யாத்திரை செய்து, நான்கைந்து நாட்களில் நம்மை வந்தடைகிறது. நீளம் மிக்க அலைகளே விரைவும் மிக்கவையாதலால் அவையே முந்திவருகின்றன. சரிவு மிகக் குறைந்திருப்பதால் நடுக்கடலில் படகிலிருப்போர்க்கும் அவை எளிதில் புலப்படுவதில்லை.

கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய, அலையின் வேகம் தளர்ந்து, முகடுகள் ஒன்றையொன்று அணுகி, உயர்ந்தெழுந்து உடைகின்றன. அவ்வாறு உடையும் அலைகள் ஓயாது நீரைக் கரைப்பக்கம் நெருக்குவதால் கரையோர நீர்மட்டமே உயர்ந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரிய சந்திரர்களின் ஆகர்ஷணம் ஒன்றுசேர்ந்து ஓதம் உச்சமடையும் வேளையும் இதனுடன் கூடுமாயின், தாழ்ந்த தெருக்களில் நீர் புகுவதைத் தடுக்க இயலாது.

வீட்டுக்குள் முழங்காலளவே வரும் இந்த வெள்ளம், அலை வாயிலே நிற்பவரின் உயிரையே பறிக்கவல்லது. 2024 மே 6 அன்று, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னர், கணபதிபுரம் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். முன்னெச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது.

புயல் பிறப்பதற்கும் அலை கரை சேர்வதற்கும் இடையிலுள்ள இந்த நாட்களே இயற்கை நமக்கு அளிக்கும் அவகாசம். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதனைப் பயன்படுத்தியே அலையின் வருகையை முன்கூட்டிக் கணித்துச் சொல்கிறது. தெளிந்த வானத்தைக் கண்டு அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யாது, படகுகளை மேட்டில் ஏற்றியும், நங்கூரமிட்டவற்றை ஒன்றோடொன்று மோதாவண்ணம் விலக்கி நிறுத்தியும், குழந்தைகளை அலைவாயிலிருந்து அகற்றியும் காத்துக்கொள்வது கரையில் வாழ்வோரின் கடமை. அச்செய்தியைக் கடற்கரைக்கு வரும் ஒவ்வொரு அயலூராரின் காதிலும் எட்டச் செய்வது அரசின் கடமை.